அமெரிக்க அதிபரை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கும் சீர்திருத்தம்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு, வாக்கு எண்ணும் இரவில் தொலைக்காட்சியில் தோன்றும் சிவப்பு, நீல வரைபடம் பெரும்பாலும் குழப்பத்தையே தருகிறது. ஒருவர் நாடு முழுவதும் பல லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருக்க, வென்றவர் என்று மற்றவரை அறிவிப்பது 2000இலும் 2016இலும் நடந்தது. நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவரே அதிபராக வேண்டும் என்று கோரும் சீர்திருத்த முயற்சி ஒன்று 2006 முதல் மாநிலம் மாநிலமாக நகர்ந்துவருகிறது. அதில் பங்கெடுக்க நினைப்பவரும், ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று முடிவுசெய்யும் முன் விஷயத்தை முறையாக அறிய விரும்புபவரும் எதை முதலில் படிக்க வேண்டும், யாரை அணுக வேண்டும், எங்கே கால் இடறும் என்பதை வரிசையாக எழுதியிருக்கிறேன். இந்த வேலையில் பெரும்பகுதி நடப்பது உங்கள் மாநிலத் தலைநகரில் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வாஷிங்டனுக்கு இதில் பங்கு குறைவு.

முதல் படி: இப்போதைய முறையின் எந்தப் பகுதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பிரித்தறிதல்

வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளரின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தாலும், சட்டப்படி நீங்கள் வாக்களிப்பது அந்த வேட்பாளருக்காக உங்கள் மாநிலத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் தேர்வாளர்களின் பட்டியலுக்கே. எலக்டோரல் காலேஜ் எனப்படும் இந்தத் தேர்வாளர் குழுவில் மொத்தம் 538 பேர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடங்களோ, அவற்றோடு செனட்டின் 2 இடங்களையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையே அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. தலைநகர் வாஷிங்டனுக்கு 1961இல் ஏற்கப்பட்ட 23ஆம் திருத்தத்தின்படி 3 பேர் உண்டு. டிசம்பரில் இவர்கள் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களிக்கிறார்கள். ஜனவரி 6 அன்று காங்கிரஸ் அவற்றை எண்ணுகிறது. 270 பெற்றவர் அதிபர். யாருக்கும் 270 கிடைக்காவிட்டால், பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் தேர்ந்தெடுக்கும். 1824 தேர்தலில் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முதலிடம் பெற்ற ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு, ஜான் குவின்சி ஆடம்ஸை அந்தச் சபை அதிபராக்கியது இந்த விதியால்தான்.

புதியவர்கள் தவறவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. தேர்வாளர் குழு இருக்க வேண்டும் என்பதும், ஒரு மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர் என்பதும் அரசியலமைப்பில் இருக்கின்றன. ஆனால் ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கே அங்குள்ள தேர்வாளர் அனைவரும் போய்ச் சேர வேண்டும் என்ற, வென்றவர்க்கே எல்லாம் என்னும் விதி அரசியலமைப்பில் எங்கும் இல்லை. அதன் இரண்டாம் பிரிவு, தேர்வாளரை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. 48 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அந்த விதியைத் தங்கள் சாதாரணச் சட்டத்தின் மூலம் வைத்துக்கொண்டிருக்கின்றன. மேய்ன் 1972 தேர்தல் முதலும் நெப்ராஸ்கா 1992 தேர்தல் முதலும் மாநில அளவில் வென்றவருக்கு 2 தேர்வாளரையும், காங்கிரஸ் தொகுதி ஒவ்வொன்றிலும் வென்றவருக்கு ஒருவரையும் கொடுக்கின்றன. அவை இதற்காக வாஷிங்டனில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சீர்திருத்த முயற்சி முழுவதும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

இரண்டாம் படி: பழைய தேர்தல்களின் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் ஒரு மணி நேரமும் போதும். பிற்பாடு விவாதங்களில் உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான்.

2000இல் அல் கோர் நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ் வென்று அதிபரானார். 2016இல் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78,000 வாக்குகள் டொனால்ட் டிரம்ப்பை அதிபராக்கின. 2020இல் ஜோ பைடன் 70 லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருந்தார். அப்படியிருந்தும் ஜார்ஜியாவில் 11,779, அரிசோனாவில் 10,457, விஸ்கான்சினில் 20,682 என்ற வித்தியாசங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் இருவருக்கும் 269 வீதம் கிடைத்து, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். ஒரு கட்சிக்குச் சாதகமான முறை இது என்று நினைத்துவிடாமல் இருக்க 2004ஐயும் பாருங்கள். புஷ் 30 லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருந்தும், ஒஹையோவில் சுமார் 1,18,000 வாக்கு வித்தியாசம் மாறியிருந்தால் ஜான் கெர்ரி அதிபராகியிருப்பார்.

அடுத்து, சிறிய மாநிலங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் எடையைக் கணக்கிடுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி வயோமிங்கில் ஏறத்தாழ 5,77,000 பேருக்கு 3 தேர்வாளர், கலிபோர்னியாவில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேருக்கு 54 தேர்வாளர். வயோமிங்கில் சுமார் 1,92,000 பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவில் 7,30,000 பேருக்கும் மேல் ஒருவர். இதைக் கேட்டதும் எல்லாப் பழியையும் சிறிய மாநிலங்களின் மேல் போடத் தோன்றும். செனட்டுக்காகக் கிடைக்கும் 2 தேர்வாளரை ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் கழித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள். 2016இல் டிரம்ப் வென்ற 30 மாநிலங்களுக்கு 60 கழித்தால் 246. கிளின்டன் வென்ற 20 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் 42 கழித்தால் 190. அப்போதும் டிரம்ப்பே வெல்கிறார். 2000இல் அதே கழித்தலைச் செய்தால் புஷ்ஷுக்கு 211, கோருக்கு 225. அங்கே முடிவு மாறிவிடுகிறது. ஆகவே சிறிய மாநிலங்களின் எடை சில சமயம் முடிவை மாற்றும், சில சமயம் மாற்றாது என்பதுதான் நேர்மையான விடை.

என் கணிப்பில் அதைவிடப் பெரிய கோளாறு வென்றவர்க்கே எல்லாம் என்ற விதிதான். 2020இல் டெக்சாஸில் டிரம்ப் பெற்ற வாக்குகளைவிடக் கலிபோர்னியாவில் அவர் பெற்றவை அதிகம். 60 லட்சத்தைத் தாண்டிய அந்த வாக்குகளால் அவருக்கு ஒரு தேர்வாளரும் கிடைக்கவில்லை. டெக்சாஸில் பைடனுக்கு விழுந்த 52 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளுக்கும் அதே கதிதான். முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்துக்கு வேட்பாளர் எதற்காக வரப்போகிறார்? நன்கொடை திரட்டும் விருந்துக்கு வருவார், போய்விடுவார். 2016 பிரசாரக் கூட்டங்களில் 94 விழுக்காடு 12 மாநிலங்களுக்குள் முடிந்துவிட்டது. 2024இல் அரிசோனா, ஜார்ஜியா, மிச்சிகன், நெவாடா, வட கரோலினா, பென்சில்வேனியா, விஸ்கான்சின் என்ற ஏழு ஊசலாடும் மாநிலங்களைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள்.

மூன்றாம் படி: எந்த வழியை ஆதரிப்பது என்று தீர்மானித்தல்

நேர்வழி அரசியலமைப்பைத் திருத்துவது. அதற்குக் காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இது நடக்கவே முடியாத ஒன்று என்று சொல்பவர்கள் 1969ஐ மறந்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜார்ஜ் வாலஸ் மூன்றாம் வேட்பாளராக நின்று 46 தேர்வாளர் வாக்குகள் பெற்றதால் எழுந்த அச்சத்தில், செனட்டர் பர்ச் பாயும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இமானுவேல் செல்லரும் கொண்டுவந்த திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 330க்கும் அதிகமானோரின் ஆதரவோடு நிறைவேற்றியது. அதிபர் நிக்சனும் அதை ஆதரித்தார். முதலிடம் பெறுபவருக்கு 40 விழுக்காடு கிடைக்காவிட்டால் மறுதேர்தல் என்ற பிரிவும் அதில் இருந்தது. 1970இல் செனட்டில் ஸ்ட்ராம் தர்மண்ட், சாம் எர்வின் போன்ற தென்மாநில உறுப்பினர்கள் முடிவில்லாமல் பேசிப் பேசி அதை முடக்கினார்கள். பேச்சை நிறுத்தும் தீர்மானத்துக்கு 54 பேர் ஆதரவும் 36 பேர் எதிர்ப்பும் இருந்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1979இல் மீண்டும் செனட்டில் 51-48 என்ற வாக்கோடு அந்த முயற்சி நின்றுபோனது.

மேய்ன், நெப்ராஸ்கா வழியை எல்லா மாநிலங்களும் பின்பற்றினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காங்கிரஸ் தொகுதிகளின் எல்லையை வரைபவர்களின் கையில் அதிபர் தேர்தலையும் கொண்டுபோய்க் கொடுப்பதாக அது முடியும். 2012இல் எல்லா மாநிலங்களிலும் அந்த முறை இருந்திருந்தால், ஏறத்தாழ 50 லட்சம் வாக்குகள் பின்தங்கிய மிட் ராம்னி அதிபராகியிருப்பார். மாநிலத் தேர்வாளரை வாக்கு விகிதப்படி பிரிக்கும் திட்டத்தைக் கொலராடோ வாக்காளர்கள் 2004இல் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். ஒரு மாநிலம் தனியாக இப்படிப் பிரித்தால் தன் செல்வாக்கைத் தானே குறைத்துக்கொள்கிறது என்ற அச்சம் எப்போதும் குறுக்கே நிற்கும்.

மூன்றாவது வழி, மாநிலங்கள் சேர்ந்து செய்துகொள்ளும் தேசிய மக்கள் வாக்கு ஒப்பந்தம். 2001இல் சட்டப் பேராசிரியர்கள் ராபர்ட் பென்னட், அகில் அமர், விக்ரம் அமர் ஆகியோர் இதற்கான கருத்தை முன்வைத்தார்கள். கணினி அறிவியலாளர் ஜான் கோசா முதலானோர் 2006இல் அதை மசோதாவாக்கி மாநிலங்களுக்குக் கொண்டுசென்றார்கள். கட்டுரையின் மீதிப் பகுதி இதைப் பற்றியது, ஏனெனில் ஒரு சாதாரண வாக்காளர் நேரடியாக அசைத்துப் பார்க்கக்கூடிய வழி இன்றைக்கு இது ஒன்றே.

நான்காம் படி: ஒப்பந்தத்தின் வாசகத்தை நேரடியாகப் படித்தல்

ஒப்பந்தம் சில பக்கங்களே. ஆதரவாளரின் சுருக்கத்தையோ எதிர்ப்பாளரின் சுருக்கத்தையோ நம்பாமல், உங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதாவாக இருக்கும் மூலத்தைப் படியுங்கள். எல்லா மாநிலங்களிலும் சாரம் ஒன்றுதான்.

அதன் மூன்றாம் பிரிவைக் கவனமாகப் பாருங்கள். தேர்வாளர் கூடும் நாளுக்கு முன், உறுப்பு மாநிலம் ஒவ்வொன்றின் தலைமைத் தேர்தல் அதிகாரியும் 50 மாநிலங்களிலும் தலைநகரிலும் ஒவ்வொரு வேட்பாளர் ஜோடிக்கும் (அதிபர், துணை அதிபர் வேட்பாளர்கள் சேர்ந்து) விழுந்த வாக்குகளைக் கூட்டி, மொத்தத்தில் முதலிடம் பெற்றவரைத் தேசிய வெற்றியாளராகக் குறிப்பார். அந்த வெற்றியாளருக்காக அந்த மாநிலத்தில் நிறுத்தப்பட்ட தேர்வாளர் பட்டியலையே மாநிலம் சான்றளித்து அனுப்பும். உறுப்பினர் அல்லாத மாநிலங்களின் வாக்கும் கூட்டலில் சேர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; டெக்சாஸ் சேராவிட்டாலும் டெக்சாஸ்காரரின் வாக்குக்கு முழு மதிப்பு உண்டு.

மூன்றாம் பிரிவின் கடைசியில் ஒன்றும் நான்காம் பிரிவில் ஒன்றுமாக இரண்டு தேதி விஷயங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தை ஏற்ற மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை மொத்தத்தில் பெரும்பான்மையை, அதாவது 270ஐ, தேர்தல் ஆண்டின் ஜூலை 20க்குள் எட்டியிருந்தால் மட்டுமே அந்தத் தேர்தலுக்கு ஒப்பந்தம் செல்லும். ஒரு மாநிலம் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் அதிபரின் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் விலகினால், அடுத்த அதிபர் பதவிக்குத் தகுதிபெறும் வரை அந்த விலகல் செல்லாது. ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

எங்கள் மாநிலம் 2008இலேயே சேர்ந்துவிட்டதே, பிறகு ஏன் எதுவும் மாறவில்லை என்று நியூ ஜெர்சி நண்பர்கள் கேட்பதுண்டு. 270 வரும் வரை உறுப்பு மாநிலமும் பழைய முறையிலேயே தேர்வாளரை நியமிக்கும் என்பதுதான் காரணம்.

ஐந்தாம் படி: உங்கள் மாநிலம் எங்கே நிற்கிறது என்று பார்த்தல்

2007 ஏப்ரலில் மேரிலாந்து முதலாவதாகச் சேர்ந்தது. நியூ ஜெர்சி, இலினாய், ஹவாய், வாஷிங்டன் மாநிலம், மாசசூசெட்ஸ், தலைநகர் வாஷிங்டன், வெர்மான்ட், கலிபோர்னியா, ரோட் ஐலண்ட், நியூ யார்க், கனெக்டிகட், கொலராடோ, டெலவேர், நியூ மெக்சிகோ, ஓரிகன், மினசோட்டா ஆகியவை அடுத்தடுத்து வந்தன. 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது மொத்தம் 209 ஆனது. அப்போது இன்னும் 61 தேவைப்பட்டது. நீங்கள் படிக்கும் நாளில் நிலை என்ன என்பதை மாநிலச் சட்டமன்றப் பதிவுகளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்குக்குப் பின் தேர்வாளர் எண்ணிக்கை மாறும்போது இந்தக் கூட்டலும் மாறும். 2020 கணக்குக்குப் பின் கலிபோர்னியா, நியூ யார்க், இலினாய் மூன்றும் ஒவ்வொரு தேர்வாளரை இழந்தன.

2024 வரை சேர்ந்தவை எல்லாம் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாயும் மாநிலங்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. அதே சமயம், குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்த ஓக்லஹோமா செனட் 2014இலும் அரிசோனா பிரதிநிதிகள் சபை 2016இலும் இந்த மசோதாவை நிறைவேற்றியிருக்கின்றன. மற்றோர் அவையில் அது நின்றுவிட்டது. ஆகவே கட்சி நிறத்தைப் பார்த்து உங்கள் உறுப்பினரின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: எதிர்வாதங்களை எதிர்ப்பாளர் சொல்லும் விதத்திலேயே கற்றல்

பெரிய நகரங்களே அதிபரை முடிவுசெய்யும் என்ற வாதம் அடிக்கடி வரும். இதற்கு எண்களால் விடை சொல்லலாம். மிகப் பெரிய 50 நகரங்களின் எல்லைக்குள் வாழ்வோர் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினரே, அவர்களும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பதில்லை.

என் மாநிலம் தேர்ந்தெடுக்காதவருக்கு என் மாநிலத் தேர்வாளர் வாக்களிப்பதா என்ற கேள்வி கடினமானது. இதை மழுப்ப வேண்டாம். 2004இல் ஒப்பந்தம் நடைமுறையில் இருந்திருந்தால், கெர்ரிக்கு வாக்களித்த கலிபோர்னியாவின் தேர்வாளர் அனைவரும் புஷ்ஷுக்குப் போயிருப்பார்கள். 2024இல் நியூ ஜெர்சி, நியூ யார்க், கலிபோர்னியா தேர்வாளர்கள் டிரம்ப்புக்குப் போயிருப்பார்கள். அதை உங்களால் ஏற்க முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், நீங்கள் தேடுவது மக்கள் வாக்குச் சீர்திருத்தம் அன்று, உங்கள் கட்சியின் வெற்றி. நெவாடாவில் 2019இல் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை, ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக் தம் போன்ற சிறிய மாநிலத்தின் செல்வாக்கு குறையும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சட்ட வாதம் இன்னும் முடிவுக்கு வராதது. மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்யக் காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும் என்று அரசியலமைப்பின் முதல் பிரிவு சொல்கிறது. மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களுக்கே அது தேவை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 1893இல் வர்ஜீனியா, டென்னசி வழக்கில் கூறியதை ஆதரவாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். சேராத மாநிலங்களின் செல்வாக்கை இது மாற்றிவிடுகிறது, எனவே ஒப்புதல் வேண்டும் என்பது எதிர்த்தரப்பு. தேர்வாளரை நியமிக்கும் முறையில் சட்டமன்றத்துக்குப் பரந்த அதிகாரம் உண்டு என்று 1892 தீர்ப்பும், தேர்வாளரைக் கட்டுப்படுத்த மாநிலத்தால் முடியும் என்று 2020இல் ஒருமனதாக வந்த சியாஃபலோ வழக்குத் தீர்ப்பும் ஆதரவாளருக்குத் துணை. 270 எட்டிய மறுநாளே வழக்கு வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நடைமுறைக் கேள்விகளில் வலுவானவை இரண்டு. தேசிய அளவில் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் நாடு முழுவதும் மறு எண்ணிக்கை நடத்தப் பொதுவான ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படியே செய்யும். அடுத்தது, முதலிடம் பெற்றால் போதும், பாதிக்கு மேல் தேவையில்லை என்பது. 1982 முதல் நேரடி வாக்கால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இது உடனே உறுத்தும். அங்கே யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டும், 2024இல் முதன்முறையாக அப்படி எண்ணவும் நேர்ந்தது. இந்த ஒப்பந்தத்தில் அத்தகைய ஏற்பாடு கிடையாது. இன்றைய அமெரிக்க முறையிலும் கிடையாதுதான். 1992இல் பில் கிளின்டன் 43 விழுக்காட்டோடு அதிபரானார். ஆனாலும் 1969 திருத்தத்தில் இருந்த 40 விழுக்காட்டு வரம்பு இதில் இல்லாதது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன்.

ஏழாம் படி: சட்டமன்ற உறுப்பினரை அணுகுதல்

புதியவர்கள் பெரும்பாலும் கடிதத்தைத் தவறான முகவரிக்கு அனுப்புகிறார்கள். வாஷிங்டனில் இருக்கும் உங்கள் செனட்டருக்கும் காங்கிரஸ் உறுப்பினருக்கும் இந்த மசோதாவில் வாக்கில்லை. மாநிலச் சட்டமன்றத்தில் உங்களுக்கென்று தனி உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; நியூ ஜெர்சியில் ஒரு தொகுதிக்கு ஒரு மாநில செனட்டரும் இரண்டு பேரவை உறுப்பினர்களும், பென்சில்வேனியா, டெக்சாஸ் போன்ற இடங்களில் ஒவ்வோர் அவைக்கும் ஒருவருமாக. சட்டமன்ற இணையதளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் பெயர்கள் வந்துவிடும்.

பிறகு கூட்டத்தொடரின் காலத்தைப் பாருங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் தொடங்கி அதிகபட்சம் 140 நாட்கள் மட்டுமே வழக்கமாகக் கூடும். அதைத் தவறவிட்டால் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பென்சில்வேனியா, மிச்சிகன் போன்றவை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கூடுகின்றன. கூட்டத்தொடர் முடிவதற்குள் நிறைவேறாத மசோதா செத்துவிடும். அடுத்த தொடரில் புதிய எண்ணோடு மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு போய் நிற்காதீர்கள். சில சமயம் இது தனி மசோதாவாகவும் இருக்காது. மினசோட்டாவில் 2023இல் ஒரு பெரிய தொகுப்பு மசோதாவுக்குள் இது இடம்பெற்று நிறைவேறியது.

மசோதா முதலில் தேர்தல் விவகாரங்களைப் பார்க்கும் நிலைக்குழுவுக்குப் போகும். பெரும்பாலான மசோதாக்கள் உயிரைவிடும் இடம் அதுவே. நிலைக்குழுத் தலைவர் அதைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் விசாரணையே நடக்காது. ஆகவே உங்கள் முதல் கடிதத்தில் ஒட்டுமொத்த ஆதரவைக் கேட்பதைவிட, இந்த எண்ணுள்ள மசோதாவை விசாரணைக்கு எடுக்கத் தலைவரிடம் சொல்லுங்கள் என்று கேட்பது பயனுள்ளது.

பொது விசாரணை நடந்தால் போய்ப் பேசுங்கள். ஆங்கில உச்சரிப்பை நினைத்துத் தயங்குபவர்கள் ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்தால் தயக்கம் போய்விடும். விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர் என எல்லாரும் கையில் கசங்கிய தாளோடு வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். பல மாநிலங்களில் நுழைந்ததும் ஒரு படிவத்தில், அல்லது முன்னதாகவே இணையத்தில், பெயரையும் மசோதா எண்ணையும் எழுதி, ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று குறிக்க வேண்டும். பேச இரண்டு, மூன்று நிமிடங்களே கிடைக்கும். முதல் வாக்கியத்தில் உங்கள் ஊரும் தொகுதியும், இரண்டாவதில் மசோதா எண்ணும் உங்கள் நிலைப்பாடும், பிறகு உங்கள் மாநிலத்தைத் தொடும் ஒரே ஒரு காரணம், கடைசியில் நிலைக்குழுவிடம் நீங்கள் கேட்பது என்ன என்பது, இவ்வளவு போதும். இரண்டாம் படியில் போட்ட கணக்கு இங்கே கைகொடுக்கும். டெக்சாஸில் பேசுபவர் டெக்சாஸின் 40 தேர்வாளரைப் பற்றியே பேசட்டும், வயோமிங் அங்கே யாருக்கும் வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு மேற்படாத எழுத்துரையை முன்கூட்டியே நிலைக்குழு எழுத்தரிடம் கொடுத்துவிட்டால், மணியடித்து நிறுத்தினாலும் சொல்ல வந்தது பதிவில் இருக்கும்.

எட்டாம் படி: சட்ட எல்லைகளை அறிந்து நடத்தல்

குடியுரிமை இல்லாதவர் அதிபர் தேர்தலிலோ காங்கிரஸ் தேர்தலிலோ வாக்களிப்பது குற்றம். நாடு கடத்தப்படும் நிலைக்கும் அது கொண்டுபோகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது நீட்டப்படும் வாக்காளர் பதிவுப் படிவத்தில் தெரியாமல் கையெழுத்திட்டுச் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதவோ கருத்துச் சொல்லவோ குடியுரிமை நிபந்தனையாக இல்லை. பணம் கொடுப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: கிரீன் கார்டு வைத்திருப்பவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம், எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் மத்திய, மாநில, உள்ளாட்சித் தேர்தல் எதிலும் தரக் கூடாது.

தமிழ்ச் சங்கங்கள் பெரும்பாலும் 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் பதிவானவை. அவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. ஒரு மசோதாவை விளக்கிக் கூட்டம் நடத்தலாம். குறிப்பிட்ட அளவுக்குள் மசோதாவுக்கு ஆதரவும் திரட்டலாம். ஆனால் பொங்கல் விழா மேடையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரை ஏற்றி, இந்த ஒப்பந்தத்தை ஆதரிப்பதால் அவருக்கே வாக்களியுங்கள் என்று செயலாளர் அறிவித்தால் சங்கத்தின் வரிவிலக்கே ஆபத்துக்குள்ளாகும். விளக்கக் கூட்டத்துக்கு எதிர்த்தரப்பிலிருந்தும் ஒருவரை அழைத்துவிடுவது எல்லா வகையிலும் பாதுகாப்பு.

ஒன்பதாம் படி: மசோதா நிறைவேறிய பிறகு

இரு அவைகளும் நிறைவேற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் 2006இலும் 2008இலும் திருப்பி அனுப்பிய பிறகு, 2011இல் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். ஹவாயில் ஆளுநர் மறுத்ததைச் சட்டமன்றமே 2008இல் மீறி நிறைவேற்றியது. மேய்ன் ஆளுநர் ஜேனட் மில்ஸ் கையெழுத்தும் இடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அப்படியே அது சட்டமானது. ஆகவே மசோதா ஆளுநர் மேசையில் இருக்கும் நாட்களில் அவரது அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.

கொலராடோவில் 2019இல் ஆளுநர் கையெழுத்திட்ட பிறகும், எதிர்ப்பாளர்கள் கையெழுத்து திரட்டிச் சட்டத்தை 2020 பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 52 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஆதரவோடு அது தப்பியது. உங்கள் மாநிலத்தில் இத்தகைய வாக்கெடுப்புக்கு வழி உண்டா, எத்தனை நாட்களுக்குள் எத்தனை கையெழுத்து வேண்டும் என்பதை மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பு மாநிலங்களில் சட்டத்தைத் திரும்பப் பெறும் மசோதாக்களும் அவ்வப்போது தாக்கலாகும். நியூ ஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவருக்கு இனிச் செய்ய எதுவுமில்லை என்று தோன்றினால், ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் அத்தகைய மசோதா வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும், சேராத மாநிலத்தில் வாழும் உறவினருக்கு அவரது சட்டமன்ற உறுப்பினரின் பெயரைத் தேடிக் கொடுப்பதும் அவர் செய்யக்கூடிய வேலைகள்.